‘மெல்ல’ நிறுவனத்தின் விளம்பரப் பிரிவு

பள்ளிக்கூடத்தை இடித்துக் கார் நிறுத்தும் இடமாக்கிய பிறகு, மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு வேலை இல்லாமல் போயிற்று. பதினாலு வருடம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த வாய். சும்மா இரு என்றால் இருக்குமா? கணவர் பல் செட் கட்டுகிறவர். வீட்டிலேயே மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில், மெழுகும் பிளாஸ்டரும் குட்டி மோட்டாருமாக உட்கார்ந்து, பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளுக்குப் பல் வரிசை செய்து கொடுப்பார். இப்போது பாதி மருத்துவர்கள் மெஷின் வாங்கி அதை அவர்களே செய்துகொள்கிறார்கள். எட்டாம் வகுப்பு படிக்கிற மகள் ஒருத்தி. ஏதாவது ஒரு வேலைக்குப் போயே ஆகவேண்டும் என்ற நிலைமையில்தான் ‘மெல்ல’ ஆள் எடுக்கிறது என்று தெரிந்தது.

‘மெல்ல’ என்பது ஒரு கடிதம். தபாலில் வருவது இல்லை, மின்னஞ்சல். தினமும் காலை ஐந்தரைக்கு நாலு லட்சம் பேருடைய பெட்டியில் சத்தமில்லாமல் வந்து உட்காரும். ‘கோபம் வந்தால் பத்து எண்ணுங்கள்’, ‘இன்று ஒரு செடியிடம் மன்னிப்புக் கேளுங்கள்’ என்கிற மாதிரி விஷயங்கள் இருக்கும். படிப்பவர்களுக்கு இலவசம். உச்சியில் ஒன்று, நடுவில் ஒன்று, காலடியில் ஒன்று என்று மூன்று விளம்பரம் வரும். அந்த மூன்று இடத்தையும் விற்றுத் தருவதுதான் விளம்பரப் பிரிவின் வேலை.

நேர்காணலுக்கு நிறுவனரே வந்திருந்தார். கடிதத்தைத் தினமும் எழுதுகிறவரும் அவர்தான். காலில் செருப்பில்லை. அவர் பேசினால் எதிரில் இருப்பவர் குனிந்து காது கொடுக்கவேண்டும், அவ்வளவு மெதுவான குரல். பக்கத்தில் மனிதவள அதிகாரியம்மா கோப்போடு உட்கார்ந்திருந்தார்.

“பதினாலு வருஷம் வகுப்பு எடுத்திருக்கீங்க. பிள்ளைங்க மேல கை நீட்டினது உண்டா?” என்று கேட்டார் அந்த அம்மா.

“ஒரு நாள்கூட இல்லீங்க. முறைச்சாலே போதும், அடங்கிடுவாங்க,” என்றாள் டீச்சர். இந்தக் கடிதத்துக்கு இதைவிடப் பொருத்தமான பதில் இருக்கமுடியாது என்று அவள் நினைத்தாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நிறுவனர் கருணையோடு தலையசைத்தார்.

“பரவாயில்லை, சகோதரி. பழகினா வந்துடும்.”

*

வேலை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு நாளைக்கு அறுபது பேருக்குப் போன் செய்யவேண்டும். மெத்தைக் கடை, கண்ணாடிக் கடை, யோசித்துப் பார்த்தால் விளம்பரம் தரக்கூடிய எல்லாக் கடையும். “மெயில் போடுங்க, பாக்கறோம்” என்று ஐம்பது பேர் சொல்வார்கள். மிச்சம் பத்துப் பேர் அதையும் சொல்லாமல் வைத்துவிடுவார்கள். “நாலு லட்சம் பேர்ல எத்தனை பேர் தொறந்து படிக்கறாங்க?” என்று விவரமான ஒருவர் கேட்டால், நாற்பத்திரண்டு சதவீதம் என்று சொல்லவேண்டும். மீதிப் பேரில் பலர் முகவரியை மறந்துவிட்டவர்கள். சிலர் காலமாகிவிட்டவர்கள். அவர்களைப் பட்டியலிலிருந்து எடுக்கக்கூடாது என்பது விதி. ‘இறந்தும் விலகாத வாசகர்கள்’ என்று விளம்பரக் கையேட்டில் தனிப் பக்கமே இருந்தது.

விற்பனைத் தலைவருக்குச் சுத்தியல் என்று பெயர். யார் வைத்தார்கள் என்று தெரியாது. ரப்பர் தலை வைத்த ஒரு சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டே நடப்பார். ஒருவர் ஒரு இடத்தை விற்றுவிட்டால் அதால் மேசையில் ஒரு தட்டு. மற்றபடி அதற்கு வேறு உபயோகம் இருக்கும் என்று முதல் வாரம் டீச்சருக்குத் தோன்றவில்லை.

முதல் திங்கட்கிழமை கூட்டத்துக்குப் போனாள். உள்ளறை. சுவர் நாலிலும் தடித்த கம்பளம் ஒட்டியிருந்தது. மூலையில் ஒரு பொம்மை நீரூற்று சலசலத்தது. பதினோரு பேரும் வட்டமாகத் தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடி மூன்று தடவை மூச்சு விட்டார்கள். பிறகு சுத்தியல் அந்த வாரத்து எண்களை வாசித்தார். எல்லாவற்றிலும் குறைவான கடைசி எண்ணை வாசித்து முடித்ததும், அதற்குரிய ஒல்லியான ஆள் எழுந்து வட்டத்தின் நடுவில் போய் நின்றார். யாரும் சொல்லாமலே தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மனிதவள அம்மாவிடம் கொடுத்தார். அந்த அம்மா அதை ஒரு டப்பாவில் வைத்து, டப்பாவின் மேல் அவர் பணியாளர் எண்ணை எழுதி ஒட்டினார்.

“யாருக்காவது கருத்து இருக்கா?” என்றார் சுத்தியல்.

ஒரு பெண் கையை உயர்த்தினாள். கண்ணாடிக்கடைக்கு விற்கிறவள், டீச்சருக்குக் காலையில் மிட்டாய் கொடுத்த நல்ல பெண். எழுந்து போய் அந்த ஒல்லி ஆளின் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டாள்.

“நன்றி,” என்றார் அவர்.

அடுத்தவர் எழுந்தார். அவருடைய கருத்து சற்று ஆழமானது, வயிற்றில் போய்ச் சேர்ந்தது. ஒல்லி ஆள் மடங்கி உட்கார்ந்து, மூச்சு வாங்கி, அதற்கும் நன்றி சொன்னார். ஆறு கருத்துகள் ஆனபின் மனிதவள அம்மா ஒரு படிவத்தை நீட்டினார். ‘இன்றைய அரவணைப்பு எனக்குப் பயனுள்ளதாக இருந்தது’ என்று அச்சடித்திருந்தது. அவர் கண்ணாடி இல்லாமல் கையெழுத்தைக் கோட்டுக்கு வெளியே போட்டார். உதட்டு ரத்தம் படிவத்தில் சொட்டிவிட்டதால் இன்னொன்று எடுத்துக் கொடுத்தார்கள்.

சாயங்காலம் வீட்டில் சொன்னாள்.

கணவர் மோட்டாரை நிறுத்தினார். “அடிச்சாங்களா?”

“அடின்னு அங்க யாரும் சொல்றதில்லைங்க. கருத்து சொன்னாங்க.”

“கையாலயா?”

“ஆமா.”

அவர் கையிலிருந்த மேல்வரிசைப் பல்லைக் கீழே வைத்தார். “வேற எங்கயாவது பாரேன்,” என்றார். பார்த்தாள். வேறு எங்கும் இல்லை.

*

நாலாவது திங்கட்கிழமை அவள் முறை வந்தது. கம்மலை அவளே கழற்றிக் கொடுத்தாள். டப்பாவில் போட்டு எண் ஒட்டினார்கள். ஒல்லி ஆள்தான் முதலில் கை தூக்கினார். அவர் மேல் தப்புச் சொல்லமுடியாது. கருத்தே சொல்லாமல் உட்கார்ந்திருப்பவர் அடுத்த வாரம் நடுவில் நிற்கவேண்டும் என்பது விதி. அவர் அறைந்ததில் இடது காதுக்குள் ஒரு விசில் கிளம்பியது. மற்றவர்கள் சொன்ன கருத்துகள் அந்த விசிலுக்கு அப்பால் எங்கோ தூரத்தில் நடந்தன. மூன்றாவதிலா நாலாவதிலா தெரியவில்லை, தரை எழும்பி வந்து முகத்தில் மோதியது. எழுந்து நின்று எல்லோருக்கும் நன்றி சொன்னாள். வகுப்பில் பிள்ளைகளை நன்றி சொல்லச் சொல்லி எத்தனை தடவை வற்புறுத்தியிருக்கிறாள்!

நிறுவனருக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது என்று அவள் உறுதியாக நம்பினாள். மறுநாள் அவர் அறைக்குப் போனாள். அறை முழுக்கச் செடி.

“சகோதரி, காது எப்படி இருக்கு?” என்றார் அவர்.

அப்போதே அவளுக்குப் பாதி விளங்கியிருக்கவேண்டும். “கேக்கலைங்க,” என்றாள்.

“எந்தப் பக்கம்?”

“இடது.”

அவர் எழுந்து வந்து அவளுடைய வலது பக்கமாக உட்கார்ந்துகொண்டார். அந்த அக்கறைக்கு டீச்சர் நன்றி சொன்னாள்.

“நான் எறும்பைக்கூட மிதிக்கமாட்டேன். செருப்பு போடாததே அதுக்குத்தான்,” என்று அவர் ஆரம்பித்தார். “காலைல நாலு லட்சம் பேர் என் வரியைப் படிச்சு மனசு லேசாகறாங்க. அந்த மாதிரி எழுதணும்னா என் மனசு லேசா இருக்கணும். என் மனசு லேசா இருக்கணும்னா எண்கள் ஏறணும். எண்கள் தானா ஏறாது, சகோதரி. அதுக்கு யாராவது யாரையாவது அரவணைக்கணும். அந்தப் பாவம் என் கையில ஒட்டாம பாத்துக்கறார் சுத்தியல். நான் அந்த அறைக்குள்ள ஒரு நாளும் வந்ததில்லை. முன்ன சத்தம் வெளிய கேக்கும், எனக்கு எழுத வராது, உக்காந்து அழுவேன். அப்புறம்தான் சுவத்துல கம்பளம் ஒட்டச் சொன்னேன். உங்களுக்காகத்தான்.”

“எங்களுக்காகவா?”

“என் கண்ணீரைப் பாத்தா நீங்க தாங்குவீங்களா?”

டீச்சர் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் காலைக் கடிதம் இப்படித் தொடங்கியது: ‘நேற்று ஒரு சகோதரி என்னிடம் வந்தார். அவருக்கு ஒரு காதுதான் கேட்கிறது. இரண்டு காதும் உள்ள நாம் யாருக்காவது செவி கொடுக்கிறோமா?’ அதற்கு நேர் மேலே, உச்சி இடத்தில், காது கேட்கும் கருவி விற்கும் கடையின் விளம்பரம். முந்தின நாள் சாயங்காலமே சுத்தியல் பேசி முடித்துவிட்டிருந்தார். திறந்து படித்தவர்கள் நாற்பத்தொன்பது சதவீதம். கருவிக்கடை ஒரு மாதத்துக்கு இடம் கேட்டது.

சுத்தியல் நேர்மையான ஆள். அந்த விற்பனையில் பாதியை டீச்சர் பெயரில் எழுதினார். “காது உங்களுதுதானே,” என்றார். அந்த வாரம் அவள் பதினோரு பேரில் மூன்றாவது. சந்தோஷமாக இருந்தது. ஏன் சந்தோஷமாக இருக்கிறது என்று குழப்பமாகவும் இருந்தது. அந்தத் திங்கட்கிழமை நடுவில் நின்றவர் ஒரு புது ஆள். கருத்து சொல்ல அவளும் எழுந்தாள். பட்டும் படாமலும் தட்டினாள். “டீச்சர், சாக்பீஸ் தூசி தட்டறீங்களா?” என்று சுத்தியல் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் தடவை சரியாக விட்டாள்.

*

அந்த அலுவலகத்தில் அவளுக்கென்று இருந்த ஒரே மனுஷன் பாட்டுக்காரர். ஐம்பத்திரண்டு வயது. ஒரு காலத்தில் கல்யாணக் கச்சேரிகளில் பாடியவர். போனில் அவர் “வணக்கங்க” என்று இழுத்தாலே மறுமுனையில் வைக்க மனம் வராது. டீச்சரைத் தங்கச்சி என்பார். அவள் விழுந்த அன்று, பிரிவின் முதலுதவிப் பெட்டியிலிருந்து பஞ்சு எடுத்துக் காதில் வைத்தவர் அவர்தான். அந்தப் பெட்டியின் மேலும் ஒரு பஞ்சுக் கம்பெனியின் விளம்பரம் ஒட்டியிருந்தது. அதை விற்றதும் அவர்தான்.

ஒரு மெத்தைக்காரர் இருந்தார். நாலு ஊரில் கடை. உச்சி இடத்தை ஒரு வருடத்துக்கு மொத்தமாக எடுத்துக்கொள்ள யோசித்துக்கொண்டிருந்தார். டீச்சர் அவரிடம் ஆறு வாரமாகப் பேசிவந்தாள். அதே ஆறு வாரமாகப் பாட்டுக்காரர் அவருடைய மைத்துனரிடம் பேசிவந்திருக்கிறார். இருவருக்கும் விஷயம் தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. ஒரு வாடிக்கையாளரை இரண்டு பேர் தொட்டால், விதிப்படி அவர்கள் ‘உரையாடல்’ நடத்தித் தீர்த்துக்கொள்ளவேண்டும். உரையாடல் என்றால் கம்பள அறை, வெறுங்கை, ஒருவர் எழமுடியாமல் போகும்வரை.

“வாடிக்கையாளரையும் கூப்பிட்டிருக்கேன்,” என்றார் சுத்தியல். “நம்மகிட்ட ஒளிவுமறைவு கிடையாதுன்னு அவருக்குத் தெரியணும்.”

படிக்கட்டில் வைத்துப் பாட்டுக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தங்கச்சி, பயப்படாதே. நீ கையை ஓங்கு, போதும். நான் விழுந்துடறேன். என் வயசுக்கு விழுந்தா யாரும் சந்தேகப்படமாட்டாங்க.”

“உங்க எண்கள் என்னாகும் அண்ணே?”

“என்னத்த ஆகும்? ஒரு திங்கட்கிழமை நடுவுல நிப்பேன். நிக்காததா?”

மெத்தைக்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி வந்தார். சாதுவான மனிதர். தரையில் போட அவரே நாலு மெத்தை கொண்டுவந்திருந்தார், வெள்ளை உறையோடு. மூச்சுப்பயிற்சி முடிந்ததும் டீச்சர் கையை ஓங்கினாள். பாட்டுக்காரர் “அம்மா” என்று ராகத்தோடு கத்திக்கொண்டு விழுந்தார்.

சுத்தியல் எழுந்து வந்தார். முகத்தில் கோபமே இல்லை, வருத்தம்தான். பாட்டுக்காரரின் இடது கையை மரியாதையாக எடுத்து மேசை ஓரத்தில் வைத்து, ரப்பர் சுத்தியலால் சுண்டு விரலில் ஒரு போடு போட்டார். ஈரக் குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். இந்தத் தடவை வந்த கத்தலில் ராகம் இல்லை.

“நேர்மையில்லாத உரையாடல் நம்ம மரபுக்கு விரோதம்,” என்றார் சுத்தியல். “மறுபடி ஆரம்பிங்க. இல்லைன்னா அடுத்த விரல். அப்புறம் டீச்சருக்கு.”

பாட்டுக்காரர் எழுந்தார். அவர் கண்ணில் அவளுக்குத் தெரிந்த அண்ணன் இல்லை, வலி மட்டும்தான் இருந்தது. வலது கையை வீசினார். அவள் தாடையில் விழுந்தது. வாய்க்குள் உப்புக் கரித்தது. அவள் திருப்பி விட்டாள். முதல் அடி, விரலைக் காப்பாற்ற. இரண்டாவது, சுத்தியல் பார்க்கிறாரே என்று. மூன்றாவது எதற்கு என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அது மற்ற இரண்டையும்விட நன்றாக விழுந்தது. இடித்த பள்ளிக்கூடம், விசில் அடிக்கிற காது, “மெயில் போடுங்க” என்று வைத்துவிட்ட ஆயிரத்துச் சொச்சம் போன்கள், எல்லாம் தோளிலிருந்து இறங்கி முஷ்டிக்குள் வந்தன. அவர் விழுந்தபின்னும் நாலாவதும் ஐந்தாவதும் விட்டாள். யாரோ இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். வெள்ளை உறைமேல் இரண்டு முன்பல் கிடந்தன, வேரோடு.

மெத்தைக்காரர் மெதுவாகக் கிட்டே வந்தார். பாட்டுக்காரரைச் சுற்றிக்கொண்டு போய், ரத்தக் கறையைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார்.

“பாருங்க, உள்ள இறங்கவே இல்லை. துடைச்சா போயிடுது,” என்றார் பெருமையாக. ஒரு வருடத்துக்குப் பதிலாக இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

*

பல் இரண்டையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, பாட்டுக்காரரை ஆட்டோவில் ஏற்றி, வழியில் அவர் விரலுக்குக் கட்டுப் போடவைத்து, டீச்சர் அவரை நேரே வீட்டுக்கு அழைத்துப்போனாள். கணவர் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, ஈறு ஆறியபின் செய்யவேண்டியதையெல்லாம் விளக்கினார். பிறகு கேட்டார்.

“யாருங்க பண்ணினது?”

பாட்டுக்காரர் கூரையைப் பார்த்தார்.

“நான்தாங்க,” என்றாள் டீச்சர்.

கணவர் கை கழுவப் போய்விட்டார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

“‘மெல்ல’ல வேலை பாத்து, கடைசில மெல்ல வழியில்லாம ஆயிட்டேன்,” என்று பாட்டுக்காரர் சிரிக்கப் பார்த்தார். காற்று மட்டும் வந்தது. “தங்கச்சி மேல தப்பில்லை மாப்ளே. நானும் முழுசாத்தான் வீசினேன்.”

அதைச் சொல்லியிருக்கவே வேண்டாம். அது அவளை என்னவோ செய்தது.

மகள் தண்ணீர் கேட்டு வந்தாள். மேல் தட்டிலிருந்த டம்ளரை எடுக்க டீச்சர் சட்டென்று கையை உயர்த்தினாள். மகள் தலையைக் குனிந்து இரண்டு கையாலும் முகத்தை மறைத்துக்கொண்டாள். ஒரு நொடிதான். பிறகு இருவருமே எதுவும் நடக்காதது போல இருந்தார்கள். மகள்மேல் அவள் ஒரு நாளும் கை வைத்ததில்லை.

பாட்டுக்காரரை மறுவாரமே வேறு மேசைக்கு மாற்றினார்கள். கடிதம் வேண்டாம், நிறுத்துங்கள் என்று கேட்பவர்களைப் போனில் பேசித் தடுக்கும் மேசை. பல் இல்லாமல் அவர் பேசுவது யாருக்கும் புரியாததால் பலர் மனம் மாறினார்கள். நல்ல இடமாற்றம் என்று மனிதவள அம்மா குறிப்பு எழுதினார்.

*

வருடத்துக்கு ஒருமுறை விளம்பரதாரர்களுக்கு நன்றி விழா நடக்கும். பெரிய மண்டபம், முந்நூறு நாற்காலி, எட்டு ஒலிபெருக்கி, மேடையில் வெள்ளைப் பூ. அந்த வருடத்து ‘மென்மை விருது’ டீச்சருக்கு என்று அறிவித்திருந்தார்கள். இரண்டு வருட மெத்தை ஒப்பந்தத்துக்காக. கணவர் வரவில்லை.

தொடக்கப் பாட்டைப் பாட்டுக்காரரைப் பாடச் சொன்னார்கள். கணவர் கட்டிக்கொடுத்த புதுப்பல் இன்னும் பழகவில்லை. இரண்டாம் வரியில் அது நழுவி, விசிலடித்தது. முன்வரிசையில் சிரித்தார்கள். அவர் வாயைப் பொத்திக்கொண்டு, கைக்குள்ளேயே பாடி முடித்தார்.

நிறுவனர் மைக்கைக் காலரில் குத்திக்கொண்டு எழுந்தார். அவர் குரல் எட்டு ஒலிபெருக்கியிலும் தேன் மாதிரி இறங்கியது.

“நம்ம நிறுவனத்துல இத்தனை வருஷமா ஒருத்தர் மேல ஒருத்தர் கை ஓங்கினதில்லை. சொல்லுக்குக்கூட வலிக்காத இடம் இது. இந்த அண்ணனைப் பாருங்க. பல்லை இழந்தார், புன்னகையை இழக்கலை. ஏன்? எங்க அரவணைப்பு! இந்த நேரத்துல ஒரு மகிழ்ச்சியான செய்தி. நாளைலேர்ந்து நம்ம நடு இடத்தை ஒரு பற்பசை நிறுவனம் எடுத்துக்கறாங்க. அண்ணனோட புகைப்படத்தோட. பல்லுக்கு முன், பல்லுக்குப் பின்!”

கைதட்டல். பாட்டுக்காரர் எழுந்து கும்பிட்டார். கும்பிட்டபோது ஒடிந்து கோணலாகிப்போன சுண்டு விரல் மட்டும் மற்ற விரல்களோடு சேராமல் தனியாக நின்றது.

நிறுவனர் விருதை டீச்சரிடம் நீட்டினார். கண்ணாடியில் செய்த ஒரு இறகு. “சகோதரி, ரெண்டு வார்த்தை பேசுங்க.”

“பேச வரலைங்க,” என்றாள் அவள். “ஒரே ஒரு கருத்து இருக்கு. சொல்லலாமா?”

முந்நூறு பேர் பார்க்கிறார்களே. “தாராளமா,” என்றார் அவர்.

விருதைக் கீழே வைத்தாள். வைத்த நிதானத்தைப் பார்த்துச் சுத்தியலுக்கு மட்டும் விளங்கிவிட்டது. அவர் மேடையை நோக்கி ஓடிவருவதற்குள் டீச்சரின் வலது கை போய்ச் சேர்ந்தது. நிறுவனரின் காலரிலிருந்த மைக் அதை உள்ளபடி வாங்கி எட்டு ஒலிபெருக்கிக்கும் கொடுத்தது. மண்டபத்துக் கண்ணாடிகள் அதிர்ந்தன. வெள்ளைப் பூக்களின் மேல் அவர் போய் விழுந்தார். எழுந்தபோது, அதுவரை யாரும் கேட்டிராத ஒரு பெரிய குரல், கரகரத்த சந்தைக் குரல், அவர் வாயிலிருந்து வந்தது.

“அடிச்சுட்டா! என்னை அடிச்சுட்டா! ஐயோ, வலிக்குதே! இவளைப் பிடிங்கடா, கையை ஒடைங்கடா!”

அதுவும் மைக்கில் போயிற்று. டீச்சர் இன்னொன்று வைத்தாள். இரண்டாவதை அவள் திட்டமிட்டிருக்கவில்லை.

*

போலீஸ் ஸ்டேஷனில் ஆய்வாளர் களைப்போடு இருந்தார். ஊழியர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்.

“இந்த அம்மா அவரை அடிச்சாங்களா?”

“அடியா? எங்க ஆபீஸ்ல அந்த மாதிரி எதுவும் நடக்காதுங்க,” என்றார் ஒல்லி ஆள். “கருத்துதான் சொன்னாங்க.”

“ஆழமான கருத்துங்க,” என்றாள் கண்ணாடிக்கடைப் பெண்.

பாட்டுக்காரர் பல்லைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு ஏதோ நீளமாகச் சொன்னார். ஆய்வாளருக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. மனிதவள அம்மா தன் பங்குக்கு, ஊழியர்கள் நாலு வருடமாகக் கையெழுத்துப் போட்ட இருநூற்றுப்பத்து அரவணைப்புப் படிவங்களைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். நிறுவனத்துக்குச் சாதகமாக இருக்கும் என்று அவர் மனதார நம்பினார். ஆய்வாளர் அவற்றைப் படித்தார். சிலவற்றில் இருந்த பழுப்புக் கறையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு நிறுவனரிடம் வந்து, “வழக்கு போட்டா எல்லாத்தையும்தான் போடணும். போடவா?” என்றார். நிறுவனர் பத்து எண்ணினார். புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

டீச்சருக்கு வேலை போயிற்று. பக்கத்துத் தெருவில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்த ஆள் கேட்டார்கள், போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். எட்டாம் நாள் மத்தியானம் சுத்தியலிடமிருந்து போன் வந்தது.

“டீச்சர், விழாவுல எடுத்த வீடியோவைக் கடிதத்துல வச்சோம். தொறந்தவங்க எத்தனை தெரியுமா? எழுபத்தொண்ணு! செத்தவங்களும் தொறந்திருப்பாங்களோன்னு சந்தேகமா இருக்கு. நீங்க திரும்பி வரணும். போன் பண்ண வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வாரத்துக்கு ஒரு தடவை மேடை, நிறுவனருக்கு ஒரு கருத்து. அவ்வளவுதான் வேலை. பெரிய பதவி.”

“அவர் ஒத்துக்கிட்டாரா?”

“பேசறார், இருங்க.”

பழைய மெதுவான குரல் வந்தது. கேட்கிற காதுக்கு அவள் போனை மாற்றிக்கொண்டாள்.

“சகோதரி, வலது கன்னத்தை ஒரு வலி மருந்துக்காரர் வருஷத்துக்கே எடுத்துக்கிட்டார். இடதுக்கு ரெண்டு பேர் போட்டி. அவங்களுக்குள்ள உரையாடல் நடக்கப்போகுது. நீங்கதான் வரணும். வேற ஆள் போட்டுப் பாத்தோம். அவங்க அடியில உண்மை இல்லைன்னு வாசகர்கள் எழுதறாங்க.”

“வலிக்குமேங்க?”

“ரொம்ப வலிக்குது,” என்றார் அவர். “ஆனா எண்களைப் பாத்தா மனசு லேசாயிடுது. யோசிச்சுச் சொல்லுங்க.”

போனை வைத்தாள். பேசி முடிக்கும்வரை தன் வலது கை விரிந்து மூடி விரிந்து மூடிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தாள். அதை இடது கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பள்ளிக்கூடத்துக்கு அன்று அரை நாள். மகள் புத்தகத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தாள்.

“யாரும்மா போன்ல?”

“பழைய ஆபீஸ். வேலைக்குக் கூப்பிடறாங்க.”

“போறியா?”

“போகலை,” என்றாள் டீச்சர். “போகலைடி. நான் போகவே மாட்டேன்.”

மூன்று தடவை சொல்லியிருந்தாள். மகள் ஒரு தடவைதான் கேட்டிருந்தாள்.